அடுப்புக்கும் மேடைக்கும் நடுவுல இருக்கற இடுக்கு: சிலிகான் பட்டை, ஸ்டீல் பட்டை ரெண்டையும் சில வருஷம் பயன்படுத்தின அனுபவம்

கீழ ஓவன், மேல நாலு பர்னர்னு தரையில தனியா நிக்கிற குக்கிங் ரேஞ்ச் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சனையை விளக்கவே வேண்டாம், அடுப்புக்கு ரெண்டு பக்கமும் மேடையை ஒட்டி ஒரு இடுக்கு இருக்கும், விரல் உள்ள போகாது, துணி போகாது, ஆனா எண்ணெய், தண்ணி, மாவு, பொங்கி வழியற பால் எல்லாம் போயிடும். இந்த இடுக்கை மூடறதுக்குன்னு விக்கிற சிலிகான் பட்டையை ஒரு பக்கமும் ஸ்டீல் பட்டையை இன்னொரு பக்கமும் போட்டு சில வருஷமா பயன்படுத்திட்டு இருக்கேன். வாங்கின அன்னைக்கே எழுதற ரிவ்யூல எல்லாமே நல்லாத்தான் இருக்கும், ஒரு வருஷம் தாண்டின பிறகு என்ன ஆகுதுங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது, அதை மட்டும் சொல்றேன்.

முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். இந்த இடுக்கை மூடலாம், அடைக்கக் கூடாது. மூடறதுன்னா தேவைப்பட்டா ஒரு நொடியில எடுத்துட்டு கழுவி திரும்ப வைக்கிற மாதிரி மேல ஒண்ணு வைக்கிறது. அடைக்கிறதுன்னா சீலன்ட் (இடுக்குல பூசினா இறுகிக்கிற பசை), ஃபோம், மரத்துண்டு இதெல்லாம் உள்ள திணிச்சு அடுப்பையும் மேடையையும் ஒண்ணா ஒட்டிடறது. ரெண்டாவதை யார் சொன்னாலும் செய்யாதீங்க, காரணம் கீழ வருது.

இடுக்கு ஏன் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். தனியா நிக்கிற ரேஞ்ச் 50, 60, 90 செ.மீ. அகலத்துல வருது, 30 இன்ச் கணக்குல வர்றது கிட்டத்தட்ட 76 செ.மீ. ஆனா 60 செ.மீ.ன்னு போட்டிருக்கற மாடல் பல நேரம் அதுக்கும் சில மி.மீ. கம்மியாத்தான் இருக்கும், மேடை போடறவங்களும் அடுப்பு சிக்காம உள்ள போகணும்னு கொஞ்சம் கூடவே விட்டுத்தான் வெட்டுவாங்க, அதனால ரெண்டு பக்கமும் 3 மி.மீ.ல இருந்து 1 செ.மீ. வரைக்கும் இடைவெளி வர்றது சாதாரணம். இதுல யாரோட தப்பும் இல்ல. ஓவன் சூடாகும்போது அடுப்போட இரும்பு உடம்பு கொஞ்சம் விரியும், பக்கவாட்டுத் தகடும் சூடாகும், அந்தச் சூடு பக்கத்து அலமாரியோட மரப்பலகையில நேரா ஏறக் கூடாது, இதெல்லாத்துக்கும் மேல அடுப்பை வெளிய இழுக்க முடியணும். எவ்வளவு இடைவெளி கட்டாயம் விடணும்னு ஒவ்வொரு மாடலோட மேனுவல்லயும் படம் போட்டு குடுத்திருப்பாங்க, சிலதுல மேடை உயரம் வரைக்கும் பக்கத்துல ஒட்டியே வைக்கலாம்னு இருக்கும், சிலதுல குறிப்பிட்ட மி.மீ. விடச் சொல்லியிருக்கும், மேடைக்கு மேல பக்கவாட்டுச் சுவர் இருந்தா அதுக்குத் தனி அளவு இருக்கும். அந்தப் பக்கத்தைப் பாக்காம எதையும் வாங்காதீங்க.

இடுக்குல விழறது வெறும் அசிங்கம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, என்னைக் கேட்டா அசிங்கம் ரெண்டாவதுதான். மேடையோட வெட்டு விளிம்புதான் பெரிய கவலை. மேல லேமினேட் ஒட்டி உள்ள பார்ட்டிகிள் போர்டோ எம்டிஎஃப்போ (மரத்தூள், மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) இருக்கற மேடைன்னா, அடுப்பு பக்கம் வெட்டின விளிம்புல எட்ஜ் பேண்டு, அதாவது விளிம்பை மூடற மெல்லிய பட்டை, ஒட்டாம அப்படியே பச்சையா விட்டிருக்க வாய்ப்பு இருக்கு, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாத இடம். அதுல தண்ணி திரும்பத் திரும்பப் பட்டா போர்டு ஊறி உப்பும், ஒரு தடவை உப்பினது காஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, மேல இருக்கற லேமினேட் கொஞ்சம் கொஞ்சமா தூக்கிக்கும். மரமேடைன்னா கறுப்புக் கோடு விழும். அதனால பட்டை வாங்கறதுக்கு முன்னாடி அடுப்பை ஒரு தடவை வெளிய இழுத்து அந்த விளிம்பைப் பாருங்க. பச்சையா இருந்தா எட்ஜ் பேண்டு ஒட்டலாம், இல்ல அலுமினிய எட்ஜ் டிரிம் அடிக்கலாம், குறைஞ்சபட்சம் தண்ணி இழுக்காத வார்னிஷ் ரெண்டு கோட்டு அடிச்சு காய விடலாம். நான் எட்ஜ் பேண்டு ஒட்டி அதோட ஓரங்களையும் சீல் பண்ணினேன், இத்தனை நாளைக்கப்புறமும் விளிம்பு அப்படியே இருக்கு, இந்த மொத்த வேலையில அதிகப் பலன் குடுத்தது பட்டை இல்ல, இதுதான்.

அடுத்தது மட்டம். இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா சிலிகான் பட்டை ஒழுங்கா உக்காரலன்னு வர்ற புகார்ல பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன். பட்டை இங்கிலீஷ் T எழுத்து மாதிரி இருக்கும், மேல அகலமான தட்டைப் பகுதி, நடுவுல கீழ இறங்கற ஒரு தண்டு, தண்டு இடுக்குக்குள்ள போகும், மேல்பகுதி ஒரு பக்கம் மேடை மேலயும் இன்னொரு பக்கம் அடுப்பு மேலயும் படியணும். அடுப்பு மேடையை விட 1 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருந்தா சமாளிச்சுக்கும், 3 மி.மீ. தாண்டினா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கடியில மாவும் தூளும் போய் சேந்து எண்ணெயோட கலந்து பசையாயிடும், அப்புறம் பட்டை இருக்கறதை விட இல்லாம இருக்கறதே சுத்தம்னு தோணும்.

ரேஞ்சுக்குக் கீழ நாலு மூலையிலயும் திருகி ஏத்தி இறக்கற கால் இருக்கும். முன்னாடி ரெண்டு காலை சுலபமா திருப்பலாம், பின்னாடி ரெண்டுதான் சிரமம், கீழ டிராயர் இருக்கற மாடல்னா அதைக் கழட்டினா கை உள்ள போகும், இல்லாட்டி வெளிய இழுத்துத்தான் திருப்பணும். முதல்ல ரசமட்டத்தை அடுப்பு மேல நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் வெச்சு அடுப்பை மட்டம் பண்ணுங்க, அப்புறம் நாலு காலையும் ஒரே அளவு திருப்பி மேடை உயரத்துக்குக் கொண்டு வாங்க. மேடையே மட்டமா இல்லாத வீடுகளும் நிறைய, அப்போ அடுப்பு மட்டத்துக்குத்தான் முதல் இடம், ஏன்னா சாஞ்ச அடுப்புல வாணலியில எண்ணெய் ஒரு ஓரமா ஒதுங்கி நிக்கும், பட்டை கொஞ்சம் தூக்கிக்கிட்டா பரவாயில்ல. கனமான ரேஞ்சுகள்ல முன்பக்கம் கவுந்துடாம இருக்க பின்னாடி சுவத்துலயோ தரையிலயோ ஒரு பிராக்கெட்டோ சங்கிலியோ மாட்டியிருப்பாங்க, திறந்த ஓவன் கதவு மேல ஒரு குழந்தை ஏறி நின்னாலோ கனமான பாத்திரத்தை வெச்சாலோ அடுப்பு முன்னாடி சாயாம புடிச்சுக்கறது அதுதான். உயரம் மாத்தின பிறகு பின்னங்கால் அந்த பிராக்கெட்டுக்குள்ள திரும்ப சரியா உக்காந்துடுச்சான்னு கண்டிப்பா பாருங்க.

இப்போ பட்டைக்கு வரேன். இடது பக்கம் சிலிகான். வாங்கும்போது சுருட்டி மடிச்சுத்தான் வரும், மடிப்பு போக வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்து தட்டையான இடத்துல நீட்டி வெச்சுட்டுப் போட்டா நல்லா படிஞ்சு உக்காரும். நீளத்தை கத்தரிக்கோலால வெட்டினா விளிம்பு நேரா வராது, ஸ்கேல் வெச்சு பிளேடால ஒரே இழுப்புல வெட்டுங்க. என்னோடதுல மேல்பட்டை 5 செ.மீ. அகலம்.

முதல் சில மாசம் ரொம்ப திருப்தி. எதுவும் உள்ள விழல, துடைக்கறது சுலபம், மேடையில இருந்து தூளை நேரா அடுப்பு பக்கம் தள்ளி வழிச்சிடலாம். அதுக்கப்புறம்தான் சில விஷயம் புரிய வந்துச்சு. முதலாவது, இது தண்ணி புகாத மூடி இல்ல. பட்டையோட விளிம்பு மேடை மேல சும்மா படிஞ்சுதான் இருக்கு, அதனால தண்ணியோ எண்ணெயோ அந்த மெல்லிய இடைவெளியில தானா இழுத்துக்கிட்டு அடியில போய் நிக்கும், காத்து படாததால காயாம ரொம்ப நேரம் அங்கயே இருக்கும். மேடை கல்லுல ஆனதுன்னா எண்ணெய் ஊறி கறை பிடிக்கும், மரம்னா இன்னும் மோசம். அதனால ஏதாவது பொங்கிக் கொட்டினா மேல துடைச்சுட்டு விட்டுடாம பட்டையைத் தூக்கி அடியிலயும் துடைச்சே ஆகணும், ஒண்ணும் கொட்டலன்னாலும் வாரம் ஒரு தடவை எடுத்து கழுவறது நல்லது. இதைச் செய்ய முடியாதவங்க பட்டை வாங்கி பிரயோஜனம் இல்லன்னு நான் வெளிப்படையாவே சொல்றேன்.

ரெண்டாவது, கழுவற விதம். சிலிகான் எண்ணெயை மேலாக கொஞ்சம் உறிஞ்சி வெச்சுக்கும், அதுல பஞ்சுத் தூசி எல்லாம் ஒட்டும், தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். சும்மா சோப்பு போட்டா மேல இருக்கறது மட்டும் போகும், நல்ல சூடான தண்ணியில சோப்பு கலந்து ஊற வெச்சு மெல்லிய ஸ்பாஞ்சால தேய்ச்சு நல்லா அலசினா புதுசு மாதிரி ஆயிடும், சோப்பு மிச்சம் இருந்தா காஞ்ச பிறகு வெள்ளையா படலம் தெரியும். இரும்பு நார் போட்டு தேய்க்காதீங்க, மேல கீறல் விழுந்தா அழுக்கு அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். நிறம் பத்தி ஒரு வார்த்தை, கறுப்புல தூசியும் மாவும் பளிச்சுனு தெரியும், கண்ணாடி மாதிரி இருக்கறது நாளாக ஆக மஞ்சளாகுது, வெள்ளை கறை பிடிக்குது, சாம்பல் நிறம்தான் நீண்ட நாளைக்கு நல்லா இருக்கு.

மூணாவது, சூடு. பாக்கெட் மேல 200ல இருந்து 230 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், நல்ல சிலிகானுக்கு அது சரியான அளவுதான், ஆனா கேஸ் தீயோட சூடு 1000 டிகிரிக்கும் மேல, அது பட்டை மேல நேரா படக் கூடாது. சிலிகான் பிளாஸ்டிக் மாதிரி உருகி வழியாது, ஆனா தீ பட்டா எரிஞ்சு வெள்ளைச் சாம்பலா உதிரும். நேரா தீ படலன்னாலும் பெரிய பாத்திரம் வைக்கும்போது ஜ்வாலை அதோட அடியில பரவி வெளிய வரும், அந்தச் சூட்டுக் காத்து ஓரத்துல இருக்கற பட்டை மேலதான் அடிக்கும். என்னோடதுல முன் பர்னருக்கு நேரா இருக்கற இடத்துல விளிம்பு கொஞ்சம் விறைச்சுப் பளபளன்னு ஆகி மேல வளைய ஆரம்பிச்சுது. மாத்தினபோது புதுப் பட்டையில அடுப்பு பக்கம் இருக்கற மேல்பகுதியை பிளேடால பாதி அகலத்துக்கு வெட்டிட்டேன், மேடை பக்கம் முழு அகலம் அப்படியே இருக்கு, அதுக்கப்புறம் இந்தத் தொல்லை இல்ல. அடுப்பு மேல படியறதுக்கு 1 செ.மீ. போதும், அதுக்கு மேல தேவையே இல்ல. விலை கம்மியா கிடைக்குதேன்னு பிவிசியில செஞ்சதை மட்டும் வாங்கிடாதீங்க, அது 80 டிகிரி பக்கத்துலயே இளகிடும்.

அடுப்போட மேல்தட்டு எப்படி இருக்குங்கறதும் பெரிய விஷயம். கண்ணாடி மேல்தட்டுன்னா தட்டையா இருக்கும், சிலிகான் அழகா ஒட்டினாப்புல படியும். எனாமல், ஸ்டீல் தட்டுல ஓரத்துல ஒரு சின்ன வரப்பு மேல எழும்பி நிக்கும், பொங்கினது வெளிய வழியாம தடுக்கறதுக்கு, அதுமேல சிலிகான் படியாது, கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். பின்னாடி கண்ணாடி மூடி கீல் இருந்தா அந்த இடத்துல பட்டையை நறுக்கி விடணும், இல்லாட்டி மூடி மூடும்போதெல்லாம் இழுபடும்.

வலது பக்கம் என்னோட பெரிய பர்னர் இருக்கு, அதனால அங்க ஸ்டீல். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு செட்டாவே விக்கறாங்க, ஆனா ரெண்டு பக்கத்தோட வேலையும் சூடும் ஒண்ணு கிடையாது, பாக்கறதுக்கு ஜோடியா இல்லன்னாலும் பரவாயில்லன்னு நான் தனித்தனியா முடிவு பண்ணினேன், இன்னைக்கும் அந்த முடிவு சரின்னுதான் தோணுது. ஸ்டீல் பட்டை ரெண்டு துண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகர்ற மாதிரி வரும், நீளத்தை இழுத்து சரி பண்ணிக்கலாம், வெட்ட வேண்டாம். சூட்டுக்கு ஒண்ணும் ஆகாது, வளையாது, சுருளாது, எண்ணெய் உறிஞ்சாது, ஒரு துடைப்புல பளிச்சுனு ஆயிடும். ஆனா ரெண்டு துண்டும் சேர்ற கோட்டுல எண்ணெய் போய் தங்கி சூட்டுல காஞ்சு வார்னிஷ் மாதிரி இறுகிடுது, அதை எடுக்க ரெண்டையும் பிரிச்சு ஊற வெச்சுத்தான் தேய்க்கணும். ஓவன் கதவைச் சாத்தும்போது லேசா சத்தம் வந்துச்சு, மேடை பக்கம் அடியில ரெண்டு மூணு இடத்துல மெல்லிய சிலிகான் புள்ளி ஒட்டினேன், சத்தம் நின்னுடுச்சு, மேடையிலயும் கீறல் விழாது. நீண்ட நேரம் சமைச்சா தொட முடியாத அளவுக்கு சூடாகுது, வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா இதை யோசிங்க. கண்ணாடி மேல்தட்டுன்னா ஸ்டீலுக்கு அடியில ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறிடும், இண்டக்‌ஷன்னா அதோட சமையல் வட்டத்துக்கிட்ட ஸ்டீல் நீட்டிக்கிட்டு இருக்கவே கூடாது, காந்தம் ஒட்டற ஸ்டீல்னா அதுவும் சூடாகும், அங்கெல்லாம் சிலிகான்தான் நல்லது.

சீலன்ட் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னா, அடுப்பை எப்பவாவது வெளிய இழுத்தே ஆகணும். கேஸ் ஹோஸ் பழசாகும், மாத்தணும், ஓவன் எலிமென்ட் போகும், பின்னாடி விழுந்ததை எடுக்கணும், கசிவுன்னு சந்தேகம் வந்தா உடனே போய் பாக்கணும், அந்த நேரத்துல சிலிகான் சீலன்ட்டை அறுத்துக்கிட்டு நிக்க முடியாது. அதுமட்டும் இல்லாம அடுப்பு சூட்டுல விரிஞ்சு சுருங்கிக்கிட்டே இருக்கறதால சீலன்ட் சீக்கிரமே ஒரு பக்கம் விட்டுக்கும், விட்ட இடத்துல அழுக்கு உள்ள போகும், ஆனா துடைக்க முடியாது. ஸ்ப்ரே ஃபோம் எரியக்கூடியது, அடுப்பு பக்கத்துல அதுக்கு வேலையே இல்ல. டேப் ஒட்டறவங்களும் இருக்காங்க, சூட்டுல பசை இளகி மேடையில ஒட்டிக்கும், அதைச் சுரண்டறது தனி வேலை.

இடுக்கு 2 செ.மீ. தாண்டினா பட்டையெல்லாம் சரிப்படாது, தண்டு பிடிமானம் இல்லாம நடுவுல தொங்கிடும். எங்க அக்கா வீட்டுல 60 செ.மீ. இடத்துல 50 செ.மீ. ரேஞ்ச் வெச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் 5 செ.மீ. 5 செ.மீ.ன்னு வீணா கிடந்துச்சு. அடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி அங்க மேனுவல்ல சொன்ன இடைவெளி மட்டும் விட்டு, மிச்சம் இருக்கற இடத்தை மறுபக்கம் மொத்தமா சேர்த்து, மேடையோட அதே மெட்டீரியல்ல ஒரு துண்டு வெட்டி பக்கத்து அலமாரியோடயும் சுவத்தோடயும் ஃபிக்ஸ் பண்ணினாங்க, அடுப்போட இல்ல. அதுக்குக் கீழ ட்ரே, கட்டிங் போர்டு எல்லாம் செங்குத்தா நிறுத்தி வைக்கறாங்க. அந்தத் துண்டுக்கும் அடுப்புக்கும் நடுவுல மிஞ்சின சின்ன இடுக்குக்கு ஒரு பட்டை. நகர்த்தும்போது மேல இருக்கற ஹூட் (புகையை இழுக்கற சிம்னி) நடுவுல இருந்து விலகிடும்ங்கறதை மட்டும் யோசிச்சுக்கணும்.

பட்டை போட்ட பிறகும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை அடுப்பை இழுத்து சுத்தம் பண்ணத்தான் வேணும், கீழ்ப்பக்கம் திறந்துதான் இருக்கு, கரப்பான் அந்த வழியா வரும், மேல இருந்து சாப்பாடு விழாததால தங்க காரணம் குறையுது, அவ்வளவுதான். இழுக்கறதுக்கு முன்னாடி கேஸை மூடுங்க, கரென்ட் பிளக்கை எடுங்க, ஓவன் உள்ள இருக்கற தட்டு கம்பி எல்லாம் வெளிய எடுத்தா எடை குறையும், தரையில ஒரு கெட்டி ஹார்ட்போர்டு போட்டா அடுப்போட கால் தரையைக் கீறாது, ஹோஸ் எவ்வளவு நீளம் இருக்கோ அதுவரைக்கும்தான் இழுக்கணும். திரும்ப வெச்சதும் கேஸைத் திறந்து ஜாயின்ட்ல சோப்பு நுரை தடவிப் பாருங்க, குமிழி வந்தா உடனே மூடிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

கடைசியா, பக்கத்துல வெட்டின மிச்சப் பட்டையை பின்பக்கம் சுவத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல போடலாமான்னு தோணும். நிறைய ரேஞ்சுல ஓவனோட சூட்டுக் காத்து வெளிய வர்ற வழியே மேல்தட்டோட பின்விளிம்புலதான் இருக்கு, அதை மூடினா ஓவன் ஒழுங்கா வேலை செய்யாது, கேஸ் ஓவன்னா அது ஆபத்தும் கூட. உங்களோடதுல காத்து எங்க வருதுன்னு மேனுவல்ல தெளிவா இல்லன்னா, ஓவனைப் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பின்பக்கத்துக்கு மேல கையைத் தள்ளி வெச்சுப் பாருங்க, சூடு வர்ற இடத்துல எந்தப் பட்டையும் வேண்டாம்.